லேபிள் இல்லாத கேன்

கம்பளச் சலவைக் கெமிக்கல்கள்: வாசகர் கேள்வி – பதில்

தை பிறந்தால் செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். ஒட்டடை அடிப்பார்கள், பித்தளை துலக்குவார்கள். கூடவே மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கம்பளம் கழுவும் ஆட்கள் மெஷினோடு வந்து இறங்குவார்கள். அவர்கள் கொண்டுவரும் சரக்கைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

வாசகி, தேவகோட்டை: மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். முகப்பை ஒட்டிய ஹாலில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டியிருக்கிறது. கழுவ வந்தவர்கள் நான்கு வெள்ளைக் கேன்கள் கொண்டுவந்தார்கள், எதிலும் பெயர் இல்லை. ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். எனக்கும் சமையல் செய்கிற அம்மாவுக்கும் தலைவலி, குமட்டல். கேட்டால், "காட்டமா இருந்தாத்தான் ஆச்சி அழுக்குப் போகும்" என்கிறார்கள். அப்படியா?

காட்டத்துக்கும் சுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. கம்பளத்தில் இறங்கியிருப்பதில் பெரும்பகுதி மணலும் தூசியும்தான். அதை எந்தக் கெமிக்கலும் கரைக்காது. ஈரம் படுவதற்கு முன்பே வேக்குவம் கிளீனரை ஒரே இடத்தில் நான்கைந்து தரம், குறுக்கும் நெடுக்குமாக நிதானமாக இழுத்து எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கேன் காட்டமாகிறது.

இந்தத் தொழிலில் பொதுவாக நான்கு வகைச் சரக்கு புழங்கும். முதலில் தெளிப்பது காரம் (ஆல்கலி) சேர்ந்த சோப்புக் கரைசல். செயற்கை இழைக் கம்பளத்துக்கென்று விற்பதன் பி.எச். அளவு, அதாவது காரத்தின் கடுமையைக் காட்டும் எண், 10-லிருந்து 12 வரைகூடப் போகும். பி.எச். கணக்கில் ஓர் எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறும். ஆகவே 8-க்கும் 11-க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இது கண்ணில் தெறித்தால் பல ஆசிட்களைவிட மோசம். ஆசிட் பட்ட இடத்துத் திசு உறைந்து, மேற்கொண்டு இறங்காமல் ஓரளவு தடுத்துவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். தெறித்தால் உடனே குழாய் நீரில் இமையைப் பிரித்துப் பிடித்து 20 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய்க் கறைக்கான கரைப்பான். மூன்றாவது, கறை நீக்கிகள்: ப்ளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு, துரு எடுக்கும் ஆசிட். நான்காவது, கடைசியாக அடிக்கும் கிருமிநாசினியும் வாசனையும். கிருமிநாசினியில் பென்சால்கோனியம் குளோரைடு இருந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இறுகலாம். விசேஷ வீட்டுக்கு அந்த நான்காவது கேன் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

உங்கள் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டாவது வகை. அதில் பெர்க் எனப்படும் பெர்குளோரோஎத்திலீனோ டிரைகுளோரோஎத்திலீனோ இருந்தால் தலைசுற்றல், குமட்டல், போதை ஏறினாற்போன்ற மந்தம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் இரண்டையும் மதிப்பிட்டது. டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றும், பெர்க் தரக்கூடும் என்பதற்கு வலுவான அறிகுறி இருக்கிறது என்றும் வகைப்படுத்தியது. 2024 டிசம்பரில் அமெரிக்கா டிரைகுளோரோஎத்திலீனை முற்றாக விலக்கவும், பெர்க்கை வீட்டு உபயோகப் பொருட்களிலிருந்து எடுக்கவும் விதி வகுத்தது. சாதாரண கார்ப்பெட் ஷாம்புகளில் 2-பியூடாக்ஸிஎத்தனால் என்ற கிளைக்கால் ஈத்தர் வகைக் கரைப்பானும் இருக்கலாம். அது மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் ரத்தத்தில் சேரும்.

ஏசிதான் இதில் பெரிய தவறு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. கதவைச் சாத்தினால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை.

அடுத்த முறை ஆட்கள் வரும்போது கேனில் தயாரிப்பாளர் பெயர், சரக்கின் பெயர், கலவை விகிதம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கேன் வாசற்படி ஏற வேண்டாம். முன்பணம் கொடுக்கும் முன்பே எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது 16 பகுதி இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 2-வது பகுதி ஆபத்தைச் சொல்லும், 3-வது என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும், 4-வது முதலுதவி. 9-ல் பி.எச். அளவும் தீப்பற்றும் வெப்பநிலையும் இருக்கும். 10-வது பகுதி அது எதனோடு சேரக்கூடாது என்பது. அனுப்ப மறுக்கிறவரை வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும். வேலையையும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பாக வைத்துக்கொள்ளுங்கள், முந்தின நாள் வேண்டவே வேண்டாம்.

வாசகர், கானாடுகாத்தான்: சிங்கப்பூரிலிருந்து மகள் பத்து மாதப் பேரனோடு வருகிறாள். பிள்ளை தவழ்கிறான். கம்பளம் கழுவி எத்தனை மணி நேரம் கழித்து அவனை இறக்கிவிடலாம்?

கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்ததா, ஆவி போனதா, சோப்பு மிச்சம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

பெர்க்கின் ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனமானது. மற்றக் கரைப்பான்களின் ஆவியும் காற்றைவிடக் கனம்தான். நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கு வாசனை அடங்கிவிட்டதுபோல் இருக்கும். தரையோடு தரையாக இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஆகவே முழங்காலிட்டு, முகத்தைக் கம்பளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். அங்கே வாடை இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் வீட்டின் அமைப்பே இதற்குப் பாதி மருந்து. முகப்பு வாசலிலிருந்து முற்றம் இருக்கும் வளவு, இரண்டாங்கட்டு, பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். சீலிங் ஃபேன் மட்டும் போட்டால் ஆவியைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துப் பின்வாசல் பக்கமாகத் திருப்பி விடுங்கள். வளவு முற்றத்துக்கு எடுத்துப்போக முடிகிற கம்பளமென்றால் அங்கேயே கழுவச் சொல்லுங்கள்.

மிச்ச சோப்புக்கு ஒரு சோதனை உண்டு. காய்ந்த கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்நீர் தெளித்து வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் தேயுங்கள். நுரை வந்தாலோ துணி வழவழத்தாலோ சரியாக அலசவில்லை. அலசாத சோப்பு பிள்ளையின் கையிலும் முழங்காலிலும் ஒட்டி வாய்க்குப் போகும். அதே பிசுபிசுப்பு தூசியையும் இழுப்பதால் கம்பளம் முன்பைவிடச் சீக்கிரம் அழுக்காகும். காரம் மிச்சமா என்று பார்க்க, ஈரமான இடத்தில் பி.எச். தாளை அழுத்துங்கள். 8-க்கு மேல் காட்டினால் திரும்ப அலசச் சொல்லுங்கள். அலசும்போது சோப்பே கலக்காமல், ஒரு ஈர இழுப்புக்கு (தண்ணீர் விட்டு உறிஞ்சுவது) இரண்டு உலர் இழுப்பு (உறிஞ்சுவது மட்டும்) என்று மெஷினை இழுக்கச் சொல்ல வேண்டும். உலர் இழுப்பைச் சுருக்கினால் அடியில் தண்ணீர் நின்றுவிடும். இரண்டு நாளுக்குள் காயாத கம்பளத்தில் பூஞ்சை பிடிக்கும், அதுவும் பிள்ளைக்கு ஆகாது.

மூன்று சோதனையும் தேறினாலும் முதல் வாரம் மேலே ஒரு பருத்தி ஜமுக்காளத்தை விரித்து விளையாட விடுங்கள்.

வாசகர், காரைக்குடி: நான் கம்பளம் கழுவும் மெஷின் ஓட்டுபவன். கேனில் 1:32 என்று போட்டிருந்தால் முதலாளி இரண்டு மடங்கு ஊற்றச் சொல்கிறார். துணி மாஸ்க்கும் மெல்லிய கையுறையும் போடுகிறேன். போன வாரம் இரும்பு நாற்காலிக் கால் பட்ட துருக்கறைக்கு ஒரு மருந்து போட்டோம். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விரல் நுனியெல்லாம் உள்ளுக்குள் குடைந்தது. பார்த்தால் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

விரலை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். நீங்கள் சொல்லும் அறிகுறி ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் அறிகுறி. சில துரு நீக்கிகளில் அந்த அமிலமோ அம்மோனியம் பைஃபுளூரைடோ இருக்கும். நீர்த்த நிலையில் இருந்தால் பட்டவுடன் எரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வலி தொடங்கும். ஃபுளூரைடு தோலைத் தாண்டிப் போய்ச் சதையிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மேலே பெரிய புண் இல்லாமல் உள்ளே குடைகிறது. அதிக அளவில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். வலி இன்னும் இருந்தாலும் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். "துரு எடுக்கும் மருந்து, ஃபுளூரைடு இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் கேனையும் காட்டுங்கள். இனிமேல் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும், பிறகு 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ஜெல் வண்டியில் இல்லாமல் இந்த மருந்தை வண்டியில் ஏற்றக்கூடாது. இதை உங்கள் முதலாளியிடம் காட்டுங்கள். துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசலை இரண்டு மூன்று தரம் போட்டு எடுக்கலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் விரல் மிஞ்சும்.

கலவைக் கணக்கு எளிது. 1:32 என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி, பத்து லிட்டர் வாளிக்கு 300 மில்லி. மூடிக் கணக்கில் ஊற்றாமல் அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பாக ஊற்றினால் அழுக்கு இரட்டிப்பாகப் போகாது. அலச வேண்டிய மிச்சம்தான் இரட்டிப்பாகும், உங்கள் மூச்சுக்குள் போவதும் கூடும். தண்ணீரில் மருந்தை ஊற்றுங்கள், மருந்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

துணி மாஸ்க் மட்டுமல்ல, என்-95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. அது தூசிக்கானது. கரைப்பானுக்கு, கரிம ஆவிக்கென்றே உள்ள கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். போட்டும் வாடை உள்ளே வந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, அல்லது முகமூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறையைக் குளோரின் சேர்ந்த கரைப்பான் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். உள்ளே போன கரைப்பான் கையோடு ஒட்டியே கிடப்பதால், வெறுங்கையைவிட அது மோசமாகக்கூட முடியலாம். எஸ்.டி.எஸ். தாளின் 8-வது பகுதியில் எந்தக் கையுறை என்று போட்டிருக்கும்.

வாசகி, பள்ளத்தூர்: விசேஷத்தில் கம்பளத்தில் மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டது. கழுவ வந்தவர் எதையோ தெளித்தார், மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. அதைச் சரிசெய்ய வேறொன்றை ஊற்றினார். கறை குறைந்தது, ஆனால் கீழே ஆத்தங்குடிக் கல் பளபளப்புப் போய்ச் சொரசொரத்துவிட்டது.

இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் சிவப்பதும் ஆரத்தி சிவப்பதும் இதனால்தான். அவர் தெளித்தது காரக் கரைசல். பிறகு ஊற்றியது ஆசிட், அதனால் நிறம் திரும்பியது. ஆனால் ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்து, கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. சூளையில் சுட்ட பீங்கான் பூச்சு அதில் கிடையாது. கண்ணாடியிலிருந்து வந்த அந்த வழவழப்பான சிமெண்ட் பரப்பை ஆசிட் அரித்துவிடும். இத்தாலியப் பளிங்குக்கும் இதே கதிதான். அரித்த இடத்தை எவ்வளவு கழுவினாலும் பளபளப்பு திரும்பாது. கல் பதிக்கும் ஆட்களைக் கூப்பிட்டுத் தேய்த்து மெருகேற்றச் சொல்லலாம். ஆழமாக அரித்திருந்தால் அந்தக் கல்லை மட்டும் மாற்ற வேண்டியதுதான்.

மஞ்சள் கறைக்குச் சரியான முறை: முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கம்பளத்தைத் தரையிலிருந்து எடுத்து முற்றத்தில் போடுங்கள், எடுக்க முடியாததென்றால் அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டைச் செருகுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி, வெறும் தண்ணீரால் மறுபடி ஒற்றுங்கள். மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். வினிகரும் எலுமிச்சையும்கூட அந்தத் தரைக்கு ஆசிட்தான் என்பதை மறக்க வேண்டாம்.

வாசகர், புதுவயல்: ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்தால் எந்தக் கறையும் போகும் என்று ஒருவர் சொல்கிறார்.

மூச்சும் போகும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரோடு சேர்ந்தாலும் அதே வாயு, அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோராமின். தெரியாமல் கலந்துவிட்டால் பாத்திரத்தைத் தூக்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சிறைப்போ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். கம்பளி மீது ப்ளீச் தனியாகவும் கூடாது, இழையையே கரைத்துவிடும்.

வாசகி, காரைக்குடி: ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்தது, முழுக்க இயற்கை என்று ஒரு கிளீனர் விற்கிறார்கள். நம்பலாமா?

பெர்க்கைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் உள்ள லிமோனின் 50 டிகிரிக்குள்ளேயே தீப்பற்றும் ஆவி விடும். திறந்து வைத்துப் பழசானால் காற்றோடு சேர்ந்து தோல் அலர்ஜி தரும் பொருளாக மாறும். சின்னப் பாட்டிலாக வாங்கி, இறுக மூடி வையுங்கள்.

வாசகர், பொன்னமராவதி: ஜெனரேட்டர் கிரீஸ் பட்ட கார்ப்பெட்டை எங்கள் ஆள் பெட்ரோல் ஊற்றித் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் மெஷினால் இழுக்கப் பார்த்தார். தடுத்துவிட்டேன். சரிதானே?

மிகச் சரி. அந்த மெஷினின் மோட்டாருக்குள் பொறி பறந்துகொண்டே இருக்கும். உறிஞ்சிய பெட்ரோல் ஆவி அதை எட்டினால் மெஷினே வெடித்துவிடலாம். மினரல் டர்பென்டைனும் பெரிய ஆறுதல் இல்லை. அது தீப்பற்றும் ஆவி விடுவது 30-லிருந்து 40 டிகிரிக்குள், சித்திரை மாதம் நம் ஊர் வெயில் அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. அறையில் குத்துவிளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. இன்னொன்று: சுவருக்குச் சுவர் ஒட்டும் கார்ப்பெட்டின் அடித்துணியைப் பிடித்திருப்பது லேட்டக்ஸ் பசை. கரைப்பானை ஊற்றினால் அது இளகி, கம்பளம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். கிரீஸை மழுங்கிய கத்தியால் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள்.

வாசகி, கோத்தமங்கலம்: பெரிய கம்பளிக் கம்பளம் ஒன்று அந்துருண்டை போட்டு அறையில் சுருட்டியே இருக்கிறது. அதே அறையில்தான் எங்கள் அப்பத்தா படுக்கிறார்கள். இப்போது கைக்குழந்தையும் அங்கே தூங்குகிறது. வாடை போக மெஷினில் வெந்நீர் விட்டுக் கழுவலாமா?

கழுவுவது அப்புறம். இன்றைக்கே கம்பளத்தை அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள், அல்லது அவர்கள் இருவரையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். நாப்தலீன் உருண்டை கரைந்து சிறுத்துப்போவது எங்கும் மறைந்து அல்ல, அறைக் காற்றில்தான் போகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, வெளிறிச் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அந்துருண்டையைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கம்பளத்தோடு இருந்த கம்பளிப் போர்வையையும் காற்றாடப் போடாமல் குழந்தைக்குப் போர்த்தக்கூடாது.

வெந்நீர் விட்டால் சூட்டில் நாப்தலீன் மொத்தமாகக் கிளம்பும், அறையிலேயே நிற்க முடியாது. உருண்டைத் தூளை வேக்குவத்தால் எடுத்துவிட்டு, வளவு வராந்தாவில் கொடி கட்டிப் பல நாள் காற்றாட விடுங்கள். கழுவுவதென்றால் கம்பளிக்கு பி.எச். 5-க்கும் 8-க்கும் நடுவில் உள்ள ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். காரம் கம்பளி இழையை முறுக்கிழக்கச் செய்யும், சாயத்தையும் இளக்கும். ஓரத்தில் வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வீட்டில் தொடவே வேண்டாம்.

பூச்சி திரும்ப வராமலிருக்க இருபுறமும் வேக்குவம் போட்டு, முழுக்கக் காய்ந்த பின் மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கு இருட்டும் யாரும் தொடாத இடமும்தான் பிடிக்கும்.

வாசகர், கானாடுகாத்தான்: கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றுகிறார்கள். முற்றத்துக் குழாய் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது.

உடனே நிறுத்துங்கள். அந்த முற்றமும் வாய்க்காலும் கூரையில் விழும் மழைநீரை ஊருணிக்குச் சேர்க்கக் கட்டியவை. பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மிதக்காமல் அடியில் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து நிலத்தடி நீரில் வருடக்கணக்கில் தங்கும். கரைப்பான் கலந்த எதையும் முற்றத்திலோ கிணற்றடியிலோ செப்டிக் டேங்கிலோ விடக்கூடாது, கொண்டுவந்தவர் கேனில் அடைத்துத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பேசும்போதே இதைக் கூலியில் சேர்த்துப் பேசுங்கள். வெறும் சோப்புத் தண்ணீரென்றால் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் கழிவறைக் கோப்பை வழியாக விடலாம்.

வாசகி, தேவகோட்டை: இத்தனை வம்பு எதற்கு, வெயிலில் போட்டு அடித்தால் போதாதா?

பவானி ஜமுக்காளத்துக்கும் கோரைப்பாய்க்கும் போதும். பருத்தி ஜமுக்காளத்தைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துவைக்கவும் செய்யலாம். கோரைப்பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், ஊறினால் கறுக்கும். கம்பளிக் கம்பளத்தைக் காலை வெயிலில் முதுகுப்புறம் மேலாக ஒரு மணி நேரம் போடுங்கள், உச்சி வெயிலில் சாயம் வெளிறும். கொடியில் தொங்கவிட்டு அடித்தால் பழைய கம்பளத்தில் முடிச்சு அறுந்துவிடும். தரையில் கவிழ்த்துப் போட்டு, கைத்தடியால் அல்ல, தென்னம் மட்டையின் தட்டையான பக்கத்தால் லேசாகத் தட்டுங்கள். மணல் தானாகக் கீழே கொட்டும்.